நீறு பூத்த நெருப்பு

சித்திரை பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வளையமாதேவியில் உள்ள ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் மேல்வளையமாதேவி, கீழ்வளையமாதேவி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிற ஊர் அது. மாதேவி என்று முடிகிற ஊர்ப் பெயரைக் கேட்டாலே யாரோ ஒரு பழைய அரசியின் ஞாபகம் வரும். ஆனால் ஊருக்குள் நின்று வடக்கே பார்த்தால் கண்ணில் படுவது அரண்மனை அல்ல. நெய்வேலிச் சுரங்கத்தின் மண் மேடு. மலையில்லாத தேசத்தில் மனிதன் கட்டிய மலை.

பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே வேப்ப மரத்தடியில் சிவப்பு வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டு, மணியை ஒரு தடவை அடித்துப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். காக்கி உடுப்பு அணிந்த நாலைந்து பேர் ஒரு தகரத் தட்டில் வைக்கோலையும் சருகையும் போட்டு எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தீ குபுகுபுவென்று எழுந்தது. ஓர் இளைஞர் நனைந்த கோணிச் சாக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துத் தம் முகத்தை மறைத்துக்கொண்டு, அதை அப்படியே தீயின் மேல் சாத்தினார். தீ படுத்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிறகு அவர் பேசினார். கரும்புச் சோகையைக் கொளுத்தாதீர்கள். கொளுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் காற்று கிளம்புவதற்கு முன்னால், காலையிலேயே செய்யுங்கள். சுற்றிலும் ஆறடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். பக்கத்தில் நாலு குடம் தண்ணீரும் பச்சைத் தழையும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். மின்கம்பிக்குக் கீழே எதையும் எரிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தீ அணைந்து சாம்பல் கைக்குச் சில்லென்று ஆகும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள். இவ்வளவுதான் பிரசங்கம். கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்தாள்.

"ஏம்பா தம்பி! நான் ஒரு கூடை குப்பையைக் கொளுத்துனா தப்புன்னு சொல்ற. அதோ, பூமிக்குள்ள கெடக்குற கரியை வெட்டி வெட்டி ராத்திரி பகலா கொளுத்துறாங்களே, அவங்ககிட்ட போயி இதச் சொன்னியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இளைஞரும் சிரித்துவிட்டார். ஆனால் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளவில்லை.

"ஆயா, அங்கே கொளுத்துற நெருப்புக்குப் பக்கத்துல மூணு ஷிப்டும் ஆள் நிக்குது. உன் குப்பைக்குப் பக்கத்துல யாரு நிக்குறாங்க?"

கிழவி வாயடைத்துப் போனாள் என்று சொல்ல மாட்டேன். "என் நிலம் இருந்தா நான் அங்கேயே நின்னிருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்த முணுமுணுப்பில் ஒரு சரித்திரம் இருந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் வாயடைத்துப் போனவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் நான்தான்.

*

எனக்கு அப்போது பத்து வயசு. வெள்ளாற்றங்கரையில் எங்கள் ஊர். பங்குனி கடைசி. களத்து மேட்டின் ஓரத்தில் சேர்ந்திருந்த சருகுக் குவியலைக் கொளுத்திவிட்டு, "அணையுற வரைக்கும் இங்கேயே இரு" என்று சொல்லி என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு அப்பா மடைக்குப் போனார். தீ நன்றாக எரிந்து அடங்கியது. மேலே சாம்பல் வெள்ளை வெளேரென்று படர்ந்தது. அந்தச் சமயத்தில் திரௌபதையம்மன் கோவில் பக்கத்திலிருந்து மத்தளச் சத்தம் கேட்டது. தெருக்கூத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள்! துரியோதனன் வேஷக்காரர் முகத்துக்கு அரிதாரம் பூசுவதைப் பார்க்காமல் எந்தப் பையன் சாம்பலுக்குக் காவல் இருப்பான்? நெருப்புத்தான் அணைந்துவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

பின்னேரத்தில் கடற்காற்று வீசியது. சாம்பல் பறந்தது, உள்ளே இருந்த கங்கு விழித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் வைக்கோல் போர் முதலில் பற்றியது. அடுத்து மாட்டுக் கொட்டகை. மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். மூலையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியை யாரும் நினைக்கவில்லை.

சித்தப்பா என்னை அடிக்கவில்லை. "நீ பக்கத்துல இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கு அவரும் இல்லை, என் அப்பாவும் இல்லை. அந்தக் கேள்வி மாத்திரம் இருக்கிறது. தீயணைப்பு இளைஞர் கிழவியிடம் கேட்டதும் அதே கேள்விதான்.

வீடு திரும்பிய பிறகு, இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டா என்று தேடிப் பார்க்கலானேன். உண்டு, அது நீளமானது.

*

ஒரு காலத்தில் மனிதனுக்கு இருந்த கவலையே வேறு. நெருப்பு பரவிவிடுமோ என்பதைக் காட்டிலும் நெருப்பு அணைந்துவிடுமோ என்றுதான் அதிகம் பயந்தான். அரணிக் கட்டையைக் கடைந்தும் கல்லைத் தட்டியும் தீ உண்டாக்குவது லேசான வேலையல்ல. ஆகவே ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் இரவில் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். காலையில் கிளறி ஊதினால் தீ பிறக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் பழமொழியாகச் சொல்வது அந்த அடுப்பங்கரைப் பழக்கத்தைத்தான். அணைந்து போனால் பக்கத்து வீட்டுக்கு ஓட்டாஞ்சில்லை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நெருப்பு வாங்கி வருகிற சிறுமிக்குத் தாய் ஆயிரம் எச்சரிக்கை சொல்லி அனுப்புவாள். கூரை வீடுகள் நிறைந்த தெரு அல்லவா? அருமையான பொருள், அபாயமான பொருளும்கூட. ஆகையால் அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடிக் கண்கள் இருந்தன.

1827-இல் ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேய மருந்துக் கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்க ஆரம்பித்தார். நம் ஊருக்கு ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்தது. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். வானம் பார்த்த கரிசல் சீமை அதனால் பிழைத்தது. நெருப்பு மடியில் முடிந்துகொள்கிற பொருளாகிவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் மலிவாகக் கிடைப்பதன் பக்கத்தில் யார் காத்துக்கிடப்பார்கள்? நெருப்பை உண்டாக்குவது எளிதான அன்றைக்கே, அதைக் காவல் காக்கிற பழக்கமும் நம்மை விட்டுக் கழன்றுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பழைய பழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வளையமாதேவியிலிருந்து நெய்வேலியைத் தாண்டிப் போனால் வடலூர். 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி இராமலிங்க அடிகள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அணையா அடுப்பு என்றே அதற்குப் பெயர். பசித்து வந்தவர்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு தீ எரிகிறதென்றால், அது தீயின் பெருமையல்ல. இத்தனை காலமும் மாறி மாறி அதன் பக்கத்தில் இருந்துவந்த, பெயர் தெரியாத மனிதர்களின் பெருமை. அந்தத் தீ ஒரு கூரையையும் எரித்ததில்லை; பசியை மட்டும் எரித்தது.

*

வயலுக்கும் காட்டுக்கும் தீ வைப்பது நேற்றுத் தோன்றிய வழக்கமல்ல. குறிஞ்சி நிலத்துக் குறவர் மரங்களை வெட்டி எரித்துப் புனம் சமைத்துத் தினை விதைத்ததைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். மூங்கில்கள் உரசிக் காட்டுத்தீ எழுவதையும் பாலைத்திணையில் பாடியிருக்கிறார்கள். காண்டவ வனத்தை எரித்த கதை பாரதத்தில் வருகிறது. மதுரை எரிந்த கதையைத் தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு காடு கணக்குப் புத்தகத்தில் ஏறியது. 1856-இல் ஹியூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை ராஜதானியின் காடுகளுக்கு அதிகாரியானார். மலைவாசிகள் காட்டை எரித்துப் பயிரிடுகிற குமரிச் சாகுபடியை அவர் கடுமையாக எதிர்த்தார். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும், கப்பலுக்குத் தேக்கு வேண்டும் என்ற கவலை ஒரு பக்கம். காடு போனால் மழை போகுமே என்ற கவலை இன்னொரு பக்கம். 1860-களில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் பியர்சன் என்ற அதிகாரி, காட்டைச் சுற்றி அகலமாகப் புல் செதுக்கிக் கோடு கிழித்துத் தீயைத் தடுத்துக் காட்டினார். தீத்தடுப்புக் கோடு என்று வனத்துறையில் இன்றும் வழங்குவது அதுதான். வேப்ப மரத்தடி இளைஞர் சொன்ன ஆறடிப் புல் செதுக்கலும் அதன் சின்னத் தம்பியே. 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம், ஒதுக்குக் காடுகளில் அனுமதியில்லாமல் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சத்தியமங்கலம் மலைகளிலும் அதை அடுத்த கன்னடத்து பிளிகிரி மலைகளிலும் வாழும் சோளகர்கள், பனிக்காலம் முடியுமுன்பே, ஈரம் இருக்கும்போதே, காட்டுச் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள். அது தரையோடு ஊர்ந்து சருகைத் தின்றுவிட்டு ஓய்ந்துவிடும். கோடையில் பெருந்தீ வந்தால் அதற்குத் தீனி இராது. சட்டம் அந்தச் சின்னத் தீயையும் தடுத்தது. பிறகு உண்ணிச்செடி மண்டிக் காடு புதராயிற்று. தீ வந்தபோது மரத்தின் உச்சிக்கே ஏறியது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களில் பலர் இப்போது அதை ஆமோதிக்கிறார்கள். ஆகவே, தீ வைக்கிறவன் எல்லோரும் மூடன் என்று நினைத்துவிடக் கூடாது. சோளகர் காலம் அறிந்து வைத்தார். கூட இருந்து வைத்தார். காலமும் அறியாமல் கூடவும் இராமல் வைப்பதுதான் தப்பு.

அந்தத் தப்புக்கு உலகம் கொடுத்த மிகப் பெரிய விலை அமெரிக்காவில் இருக்கிறது. 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி இரவு சிகாகோ நகரம் எரிந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள். அந்தத் தேதியை ஒட்டித்தான் அந்த நாட்டில் இன்றும் தீத்தடுப்பு வாரம் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதே இரவில், விஸ்கான்சின் மாகாணத்தில் பெஷ்டிகோ என்ற மரம் அறுக்கும் ஊர் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மாதக்கணக்கில் மழையில்லை. குடியானவர்களும் ரயில் பாதை போட்டவர்களும் வெட்டிய கிளைகளையும் வேர்களையும் அங்கங்கே குவித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். அவை புகைந்துகொண்டே கிடந்தன. யாருக்கும் அது புதிதாகத் தோன்றவில்லை. அன்று இரவு பெருங்காற்று ஒன்று வந்து அத்தனை சிறு தீயையும் ஒரே தீயாக்கியது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் வெந்தது. 1,200 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதைப் போல இரு மடங்கு என்பாரும் உண்டு. ஆற்றில் இறங்கித் தலையில் நீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டு நின்றவர்கள் பிழைத்தார்கள்.

சிகாகோவை உலகம் அறியும். பெஷ்டிகோவை யார் அறிவார்? நகரம் எரிந்தால் சரித்திரம். கிராமம் எரிந்தால் சேதி. அதுகூட ஒரு நாளைக்குத்தான்.

*

நம் நாட்டுத் தீத்தொண்டு வாரத்துக்கும் ஒரு பிறந்த நாள் உண்டு. துயரமான பிறந்த நாள். சித்திரை முதல் தேதியோடு ஒட்டி வருவதால் நாம் வேப்பம்பூப் பச்சடியில் அதை மறந்துவிடுகிறோம்.

1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பம்பாய் விக்டோரியா துறையில் 'போர்ட் ஸ்டைகின்' என்ற சரக்குக் கப்பல் நின்றது. அதன் வயிற்றில் ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து. அதோடு தங்கக் கட்டிகள். கராச்சியில் ஏற்றிய பஞ்சு மூட்டைகள். வெடிமருந்தையும் பஞ்சையும் ஒரே வீட்டில் குடிவைத்த புண்ணியவான்கள் யுத்த அவசரத்தைக் காரணம் சொன்னார்கள். பகல் ஒரு மணிக்கு மேல் பஞ்சிலிருந்து புகை வந்தது. பஞ்சு பளிச்சென்று எரிகிற வஸ்து அல்ல. உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருக்கும். தீயணைப்பு வீரர்கள் வந்து தண்ணீரைக் கொட்டினார்கள். எந்த இடத்தில் நெருப்பு என்று தெரியவில்லை. கொட்டிய தண்ணீரே கொதித்தது. உள்ளே இருப்பது வெடிமருந்து என்று அறிந்தும் ஓடாமல் நின்றார்கள். நாலு மணி கடந்து சில நிமிஷங்களில் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் இரண்டாவது வெடிப்பு. வெகு தூரத்தில் சிம்லாவில் இருந்த பூகம்பமானிகூட அதை உணர்ந்தது. தீக்கட்டிகள் ஊர் மேல் மழையாக விழுந்தன. நூற்றுக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம்.

அந்த வாரத்தின் முதல் காரியம் இறந்தவர்களுக்கு மலர் வளையம் வைப்பது. அடுத்த காரியம் ஊர் ஊராகப் போய் நம்மை எச்சரிப்பது. நனைந்த சாக்கோடு நின்ற அந்த இளைஞர் எதற்காகச் சித்திரை வெயிலில் வேப்ப மரத்தடிக்கு வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தம் இனத்தார் 66 பேருக்கு அவர் செய்கிற திதி அது.

தமிழ்நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 1886 டிசம்பர் 31-ந் தேதி சென்னை பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து 400-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, 1908-இல்தான் சென்னை நகரத்துக்கு ஒரு தீயணைப்புப் படை அமைந்தது. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்தது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாணப் பந்தல் எரிந்தது. அதே ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். மூன்றிலும் காய்ந்த கீற்றுத்தான் தீயைச் சுமந்து சென்றது. சருகும் கீற்றும் நமக்கு அன்னியமா? நம் கண்ணெதிரே கிடப்பதால் அவற்றைக் கண்டு பயப்பட மறந்துவிடுகிறோம்.

காட்டுத்தீயின் பயங்கரத்தைத் தமிழ்நாடு முழுதும் உணர்ந்தது 2018 மார்ச் 11 அன்று. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போன இளைஞர்களும் பெண்களும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மாசி மாதத்துப் புல் மனிதன் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. தீ சரிவில் கீழிருந்து மேலே ஏறுகிறபோது மனிதனைக் காட்டிலும் வேகமாக ஓடும். முன்னால் இருக்கிற புல்லைத் தன் அனலாலேயே காய வைத்துக்கொண்டு போவது அதன் சுபாவம். சிலர் பள்ளத்தில் குதித்தார்கள். 23 உயிர் போயிற்று. இன்று வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் காட்டில் அனல் தெரிகிற இடத்தைக் கண்டுபிடிக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை உடனே வனக் காவலர்களின் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் செயற்கைக்கோள் தீயைப் பார்க்கலாமே தவிர, தீக்குச்சியைப் பார்க்க முடியாது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

*

எங்கள் கடலூர்ச் சீமையில் பெருங்காடு இல்லை. ஆனால் பண்ணுருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை முந்திரித் தோப்பு இருக்கிறது. மாசி, பங்குனியில் அதன் கீழே முழங்கால் அளவு சருகு. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் வந்து முந்திரியையும் பலாவையும் ஆயிரக்கணக்கில் சாய்த்தபோது, அடுத்த கோடைக்குள் தோப்பெல்லாம் விறகுக் கிடங்காகிவிட்டது. சேத்தியாத்தோப்பில் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு. வெட்டு முடிந்தால் தரையெல்லாம் சோகை. ஒரு தீக்குச்சி போதும், ஒரு மணி நேரத்தில் வயல் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் எரிவது சோகை மட்டுமல்ல; மண்ணின் மேல்தோலில் இருக்கிற உயிரும் ஈரமும் எரிகின்றன. அந்தச் சோகையை வரிசை இடையில் பரப்பிவிட்டால் களை அடங்கும், தண்ணீர் மிச்சமாகும், மக்கி உரமாகும். விவசாயக் கல்லூரிக்காரர்கள் வெகு நாளாகச் சொல்லிவருகிறார்கள். குடியானவன் கேட்காததற்கு அவன் பக்கத்து நியாயம் ஒன்றும் இருக்கிறது. பரப்ப ஆள் வேண்டும்; ஆளுக்குக் கூலி வேண்டும்; தீக்குச்சி கூலி கேட்பதில்லை.

போகிக்குக் கதையே வேறு. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் புகை பொழுது விடிய மறைந்தது. டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற காலத்தில் 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்து, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று விதித்தது. அபராதத்துக்குப் பயந்து எரிக்காமல் இருப்பவர்கள் இருந்தால் சந்தோஷம்.

இனி, கிழவியின் முணுமுணுப்புக்கு வருகிறேன்.

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப் படிவம் கண்ணில் பட்டது. மறு வருஷம் மின்சாரம் வந்தது. அந்தக் கரியை 'லெக்கோ' என்று கட்டியாக்கி ஒரு காலத்தில் நம் வீட்டு அடுப்புக்கும் அனுப்பினார்கள்.

இந்தப் பழுப்புக் கரிக்கு ஒரு குணம் உண்டு. பூமிக்குள் இருக்கும் வரையில் பாதிக்குப் பாதி தண்ணீர். வெளியே எடுத்துப் போட்டால் காய்ந்து வெடிக்கும். காற்று உள்ளே புகும். மெல்ல மெல்லத் தானே சூடேறும். யாரும் தீ வைக்காமலே ஒரு நாள் புகையும். ஆகையால் சுரங்கத்தில் அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஆள் எப்போதும் கண் வைத்திருக்க வேண்டும். அப்படிக் கண் வைத்திருந்தும் நெருப்பு சும்மா இருந்துவிடுவதில்லை. 2020 ஜூலை 1-ந் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்தார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பது என்பது வாய்ப் பேச்சல்ல. சிலர் அதற்கு உயிரையே கொடுத்திருக்கிறார்கள்.

2023 ஜூலை கடைசியில், கதிர் வாங்கும் பயிர் நிற்கும்போதே, வளையமாதேவி வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது, பரவனாற்றைத் திருப்பிவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் பேச்சு. நட்ட பயிரை அறுக்க விடலாகாதா என்பது விவசாயியின் பேச்சு. போராட்டம் நடந்தது, அடிதடி நடந்தது, விஷயம் உயர் நீதிமன்றம் போயிற்று. நாடு முழுவதும் விளக்கு எரிகிறது. அந்த விளக்குக்குத் திரியாக யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் கிழவி கேட்டாள். அவள் கேள்வி நியாயமான கேள்வி. தீயணைப்பு இளைஞர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அல்ல அது. நாம் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டியது.

ஆனால் ஒன்று. பெரிய நெருப்பைப் பற்றி நியாயம் கேட்கிற உரிமை, நம் சின்ன நெருப்பின் பக்கத்தில் நிற்பவர்களுக்கே முழுமையாக உண்டு.

*

கூட்டம் கலைந்த பிறகு சிவப்பு வண்டி கிளம்பியது. கடைசியில் பிள்ளைகளுக்காக ஒரு தடவை மணி அடித்தார்கள். நண்பர் வீட்டுக்குத் திரும்புகையில் கிழவியின் குடிசையைத் தாண்டிப் போனேன். வாசலில் ஒரு கூடை சருகு குவிந்திருந்தது. அவள் அதைக் கொளுத்தத்தான் செய்திருந்தாள். எரிந்து வெளுத்துச் சாம்பலாகிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். அதன் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆயா, அந்தத் தம்பி சொன்னதைக் கேக்கலையா?" என்றேன்.

"பாதி கேட்டேன்" என்றாள்.

குச்சியால் சாம்பலைக் கிளறினாள். அடியில் சிவப்பாக ஒரு கங்கு கண் சிமிட்டியது. குடத்தைச் சாய்த்தாள். 'சுர்' என்று சத்தம். மறுபடி கிளறினாள், மறுபடி ஊற்றினாள். அப்புறம் குனிந்து, புறங்கையைச் சாம்பலின் மேல் வைத்துப் பார்த்தாள்.

நான் அங்கேயே நின்றேன். அவள் எழுந்து உள்ளே போகும் வரையில் நகரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் தாமதமாகத்தான். இருந்தாலும், ஒரு சருகுக் குவியல் அணைகிற வரையில் நான் பக்கத்தில் இருந்தேன்.